எந்த எண்ணூறு?

பேக்கிங் செட் கவரை மெக்கானிக் கிழிக்கவில்லை. கையை மண்ணெண்ணெயில் அலசி, வேஸ்ட்டில் துடைத்து, விரல் நுனிகளை மட்டும் சட்டையின் உள்பக்கத்தில் ஒற்றிக்கொண்டு, கவரின் வாயில் அடித்திருந்த ஸ்டேப்ளர் பின்னை நகத்தால் நெம்பி எடுத்தார். உள்ளிருந்ததை அட்டையோடு மெல்ல இழுத்து, மேசையில் விரித்திருந்த பேப்பர் மேல் வைத்தார். வால்வுக்குப் போடுகிற குட்டி ரப்பர் சீல்கள் தனியாக ஒரு சின்ன உறையில் இருந்தன. உறையைத் திறக்காமலே ஒவ்வொன்றையும் விரலால் ஒதுக்கி ஒதுக்கி எண்ணினார். ஆறு. மறுபடி எண்ணினார். ஆறுதான். எல்லாவற்றையும் இருந்தபடியே உள்ளே வைத்து, அதே பின்னை அதே துளையில் மடக்கி, கவரை எதிரே நின்றவரிடம் நீட்டினார்.

"இத பில்லோட பத்திரமா வச்சுக்கங்க சார். திருப்பிக் குடுக்க வேண்டி வரலாம். வண்டியப் பாத்துட்டுச் சொல்றேன்."

"மாருதி எண்ணூறுக்குன்னு கேட்டுத்தானே தம்பி வாங்கினேன்?"

"எண்ணூறுதான் சார். எந்த எண்ணூறு?"

விளாங்குடியில் திண்டுக்கல் சாலையிலிருந்து உள்ளே பிரிகிற ஒரு தெருவில் இருக்கிறது அந்த ஒர்க்‌ஷாப். முன்னால் தகரக் கூரை, பின்னால் வேப்பமரம். ஆரப்பாளையத்தில் கிளம்பிய கோயம்புத்தூர் பஸ்கள் ஹாரன் அடித்துப் போவதும், கூடல் நகர் பக்கம் ரயில் கடப்பதும் உள்ளே வரை கேட்கும். பேரூராட்சியாக இருந்த ஊர் 2011-ல் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்தது; அதன்பின் அடுக்குமாடிகளும் புதுக் கார்களும் பெருகிவிட்டன. புதுக் கார்கள் கம்பெனி சர்வீஸுக்குப் போய்விடுகின்றன. இந்தத் தெருவுக்கு வருகிறவை அங்கே ஏற்றுக்கொள்ளத் தயங்குகிற வண்டிகள். ஒர்க்‌ஷாப்புக்கு எதிரே டீக்கடை. அதன் பெஞ்சில் உட்கார்ந்தால் அங்கே பேசுவதெல்லாம் காதில் விழும், பானெட்டுக்குள் குனிகிற தலைகளும் தெரியும். நான் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

சார் ஓய்வுபெற்ற வாத்தியார். சமயநல்லூர்ப் பக்கம் வீடு. கார் மங்கிய வெள்ளை. நம்பர் டிஎன் 09, சென்னைப் பதிவு. மகன் அங்கே வேலையில் இருந்தபோது வாங்கியது. மகன் பெரிய வண்டிக்கு மாறியதும் இவரிடம் வந்து சேர்ந்தது. பரவை தாண்டும்போது சூடு காட்டும் முள் ஏறி, பானெட்டிலிருந்து ஆவி கிளம்பி நின்றுவிட்டதாம். மெக்கானிக் ஆயில் மூடியைத் திருகி அதன் அடியைக் காட்டினார். ஆயிலில் தண்ணீர் கலந்து வெளுத்த நுரை. ஹெட் கேஸ்கட் போய்விட்டது, அதில் யாருக்கும் சந்தேகமில்லை. சாருக்குத் தெரிந்த ஒருவர் இதை ஃபோனிலேயே கணித்து, "சாமானை வாங்கிக்கிட்டே போங்க, ஒரு நாள் மிச்சம்" என்று சொல்லியிருக்கிறார். நோய் சரியாகத்தான் பிடிபட்டது. யாருக்கு நோய் என்பதுதான் விட்டுப்போயிற்று.

"ஆர்.சி. இருக்கா சார்?"

டேஷ்போர்டிலிருந்து பிளாஸ்டிக் உறை வந்தது. மெக்கானிக் அதில் முதலில் பார்த்தது பதிவுத் தேதியை அல்ல. தயாரித்த மாதமும் வருடமும் இருக்கிற இடத்தை. நவம்பர் 2001. பதிவானது 2002 ஜனவரி. சார் இத்தனை காலமும் "ரெண்டாயிரத்து ரெண்டு மாடல்" என்றுதான் சொல்லி வந்திருக்கிறார், கடையிலும் அப்படித்தான் சொன்னாராம். கார் ஆலையில் பிறந்த தேதி ஒன்று, ஆர்.டி.ஓ. ஆபீஸில் பெயர் வைத்த தேதி ஒன்று. நடுவில் டீலரிடம் மாதக்கணக்கில் நின்ற வண்டிகள் உண்டு. ஆலை மாற்றம் செய்தது இந்த இரண்டு தேதிகளுக்கு நடுவே விழுந்தால், பதிவுத் தேதியை நம்பி வாங்கிய சாமான் அடுத்த மாடலுக்கானதாக இருக்கும்.

அடுத்து சேஸிஸ் நம்பர். எஞ்சினுக்குப் பின்னால், டேஷ்போர்டைப் பிரிக்கிற தகரச் சுவரில் குத்தியிருக்கும். இருபது வருடத்து எண்ணெயும் புழுதியும் சேர்ந்து அந்த இடம் கறுத்துக் கிடந்தது. பையனைக் கூப்பிட்டு, துணியை மண்ணெண்ணெயில் நனைத்துத் துடைக்கச் சொன்னார். பையன் வேகமாக உப்புத்தாளை எடுத்தான்.

"டேய், அத வை. தேய்ச்சா நம்பர் போயிரும். நம்பர் போனா வண்டியே இல்ல. துணிய வச்சு ஊறவிட்டுத் துடை."

ஊறியது. எழுத்துகள் ஒவ்வொன்றாக மேலே வந்தன. பையன் செல்ஃபோன் லைட்டைப் பிடித்துக்கொண்டு வாசித்தான், மெக்கானிக் ஆர்.சி.யில் விரல் வைத்துத் தொடர்ந்தார். "எம், ஏ, மூணு..." என்று ஆரம்பித்தவன் நடுவில் "ஓ, ஓ" என்றான்.

"சைபர்னு சொல்லுடா. அதுல ஓ வராது."

அது உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட வழக்கம். 17 எழுத்தும் எண்ணுமாக அமைகிற சேஸிஸ் நம்பரில் ஐ, ஓ, க்யூ மூன்றும் கிடையாது. ஒன்று, சைபரோடு குழம்பிவிடும் என்பதால் ஒதுக்கியவை. முதல் மூன்று இடம் யார் செய்த வண்டி என்று சொல்லும். எம்ஏ3 என்றால் மாருதி, எம்ஏடி என்றால் டாடா, எம்ஏஎல் என்றால் ஹூண்டாய். அதற்கும் முந்திய மாருதி எண்ணூறுகளில் எஸ்பி308 என்று ஆரம்பிக்கிற நம்பரைப் பார்க்கலாம். பத்தாவது வரை படித்த பையன் இந்தச் சங்கதியெல்லாம் இந்தச் சுவருக்கு முன்னால் நின்றுதான் கற்றுக்கொள்கிறான். கற்றுக்கொடுக்கிறவர் தகுந்தவர் என்று எனக்குத் தோன்றியது.

சேஸிஸ் நம்பர் ஆர்.சி.யோடு ஒத்துப்போயிற்று. எஞ்சின் நம்பரும் ஒத்துப்போனால்தான் அடுத்த படி. அது பிளாக்கில் இருக்கிறது. குனிந்து, கையை உள்ளே விட்டு, துடைத்து, தலையைச் சாய்த்துப் பார்க்க வேண்டும். மெக்கானிக் அதைப் பையனிடம் விடவில்லை. தானே படித்தார், ஃபோட்டோவும் எடுத்தார். ஒவ்வொரு இலக்கமும் ஆர்.சி.யில் இருப்பதுதான்.

"எஞ்சின் மாத்தல சார். பொறந்த எஞ்சின்தான். அதுவரைக்கும் நல்லது."

அதுவரைக்கும் என்றார். ஏனென்றால் முகம் ஒத்துப்போகவில்லை. மாருதி எண்ணூறு தன் வாழ்நாளில் முகத்தைப் பலமுறை மாற்றியது. 1983 டிசம்பர் 14-ல் குர்கான் ஆலையில் இந்திரா காந்தி முதல் காரின் சாவியைக் கொடுத்தபோது அது வேறு உருவம். 1986-ல் உடம்பே மாறியது. 1997-ல் முன்பக்கம் உருண்டது. அதன்பிறகும் விளக்குகளும் பம்பரும் மாறின. சாரின் கார் முகம் 2001-க்குப் பிற்பட்ட முகம். மெக்கானிக் முன்னால் குத்தவைத்து, ஹெட்லைட்டின் பின்பக்கத்தில் விரலை ஓட்டி, லைட் அடித்துப் பார்த்தார்.

பிளாஸ்டிக்கில் வார்த்த சாமான்கள் பலவற்றின் முதுகில் ஒரு சின்ன வட்டம் இருக்கும். வட்டத்தைச் சுற்றி 1 முதல் 12 வரை எண். நடுவில் வருடத்தின் கடைசி இரண்டு இலக்கம். நடுவிலிருந்து ஓர் அம்புக்குறி ஏதோ ஒரு எண்ணைக் காட்டும். அது அந்தச் சாமானை வார்த்த மாதம். ஹெட்லைட்டின் முதுகில் நடுவே 06 என்றிருந்தது. பிறகு கண்ணாடி கழுவுகிற தண்ணீர்ப் பெட்டியைக் கழற்றாமல் லேசாகச் சாய்த்து அதன் அடிப்பக்கம் பார்த்தார். நடுவே 01, அம்பு 9-ஐக் காட்டியது. செப்டம்பர் 2001-ல் வார்த்த பெட்டி, நவம்பரில் ஆலையை விட்டு வந்த வண்டிக்குக் கச்சிதம். ஹெட்லைட் பிற்பாடு வந்தது.

"முன்னாடி எங்கயாச்சும் இடிச்சிருக்கா சார்?"

சார் யோசித்தார். மகன் கையில் இருந்தபோது தாம்பரம் பக்கம் ஒரு லாரியின் பின்னால் மோதியதாகச் சொன்ன ஞாபகம். அப்போது பம்பரும் விளக்கும் மாற்றினார்களாம்.

"மாத்தும்போது கெடைச்சதப் போட்டுவிட்டுருக்காய்ங்க. மூஞ்சியப் பாத்து சாமான் கேட்டா தப்பாத்தான் வரும். லைட்டுக்கு ஒரு வருசம், எஞ்சினுக்கு ஒரு வருசம் சொல்லணும் இந்த வண்டிக்கு. எழுதி வச்சுக்கங்க."

சார் உண்மையிலேயே பாக்கெட் டைரியை எடுத்து எழுதினார். அந்த இடத்தில் எனக்கு அவர்கள் இருவர் மேலும் ஒரு மதிப்பு வந்தது. சாருக்கு அந்தக் காரின் சரித்திரம் பாதிதான் தெரியும். மெக்கானிக்குக் கால்வாசி கூடத் தெரியாது. இருவரும் சேர்ந்து அதை அந்தப் பெட்டியின் அடியிலும் ஹெட்லைட்டின் முதுகிலும் தேடிக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு டாப்பெட் கவர். கழற்றிய போல்ட்டுகளைப் பையன் ஒரு தகர மூடியில் வரிசை மாறாமல் வைத்தான். கவரைத் தூக்கியதும் ஆயில் வாடை டீக்கடை வரை வந்தது. மெக்கானிக் நகர்ந்து நின்று, சாரைக் கூப்பிட்டார்.

"நீங்களே எண்ணுங்க சார். இந்த ஸ்பிரிங் ஒவ்வொண்ணும் ஒரு வால்வு."

வாத்தியார் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு, பேனா மூடியால் காட்டிக் காட்டிச் சத்தமாக எண்ணினார். பதினொன்று, பன்னிரண்டு. நிமிர்ந்தார். கையிலிருந்த கவரைப் பார்த்தார். அதில் ஆறு சீல்.

மாருதி எண்ணூறு என்ற ஒரே பெயரின் கீழே இரண்டு வகை எஞ்சின் தலை ஓடியிருக்கிறது. இரண்டும் மூன்று சிலிண்டர். இரண்டும் 796 சி.சி. சிலிண்டருக்கு இரண்டு வால்வு வைத்த ஆறு வால்வு எஞ்சின்தான் காலமெல்லாம் வந்தது. நான்கு கியர் பெட்டியோடு. 2000 வாக்கில் சிலிண்டருக்கு நான்கு வால்வு, ஐந்து கியர் என்று இன்னொன்றை விற்றார்கள். சில வருடங்களில் அது நின்றுவிட்டது, ஆறு வால்வு மட்டும் கடைசி வரை ஓடியது. சி.சி. கேட்டால் வித்தியாசம் தெரியாது. பெயர் கேட்டால் தெரியாது. வெளியே நின்று பார்த்தால் தெரியாது. கடைக்காரர் அதிகம் விற்பது எதுவோ அதைத்தான் எடுத்துக் கொடுப்பார், அதில் அவர் பிழை பெரிதில்லை. கியர் குமிழில் எழுதியிருப்பதை வைத்து ஓரளவு ஊகிக்கலாம். ஆனால் குமிழ் சில்லறைச் சாமான், யார் வேண்டுமானாலும் மாற்றியிருக்கலாம் என்பதால் மெக்கானிக் அதைக் கடைசியாகத்தான் பார்த்தார். ஐந்து கியர். எல்லாம் பொருந்திவிட்டது.

பொருந்தாத சாமான் வந்தால் அலைச்சல், அவ்வளவுதான். பொருந்திவிடுகிற தப்பான சாமான்தான் பயம். இதைப் பையனிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தார், டீ குடித்தபடி. ஸ்பார்க் பிளக்கின் மரை நீளம் கூடினால் திருகும்போது சுகமாகத்தான் ஏறும். ஸ்டார்ட் செய்யும்போது பிஸ்டன் அதில் இடிக்கும். பிரேக் வீல் சிலிண்டர் துளை அளவு மாறினால் போல்ட் எல்லாம் உட்காரும். அவசரத்தில் மிதிக்கும்போது ஒரு பக்கம் மட்டும் பிடித்து வண்டி திரும்பும். "கடைல ஏறுனா வண்டில ஏறும்னு நெனைக்காத" என்றார். பையன் தலையாட்டினான். புரிந்துதான் ஆட்டினான் என்று நினைக்கிறேன். டீ கிளாஸை வைத்துவிட்டு அந்தத் தண்ணீர்ப் பெட்டியின் வட்டத்தை மறுபடி போய்ப் பார்த்தான்.

சென்னை வண்டி என்பதையும் அவர் கணக்கில் எடுத்துக்கொண்டார். அது எனக்கு முதலில் விளங்கவில்லை. ஊர் மாறினால் எஞ்சின் மாறுமா? புகை விதிகள் நாடு முழுக்க ஒரே நாளில் வரவில்லை என்பது பிறகு நினைவுக்கு வந்தது. பாரத் ஸ்டேஜ் 2 தலைநகர் தில்லிப் பகுதிக்கு 2000 ஏப்ரலில் வந்தது, சென்னைக்கு 2001 ஜூலையில். மதுரைக்கு வர 2005 ஏப்ரல் ஆனது. நடுவில் கிட்டத்தட்ட நாலு வருடம். ஒரே பெயரோடு ஒரே மாதத்தில் செய்த வண்டி சென்னைக்கு ஒரு மாதிரியும் மதுரைக்கு இன்னொரு மாதிரியும் போயிருக்க வாய்ப்பிருந்த காலம் அது. மாருதி எண்ணூறுக்கு இந்தப் புகை விதிகளே முடிவாகவும் அமைந்தன. 2010 ஏப்ரலில் சென்னை உட்பட 13 நகரங்களில் பாரத் ஸ்டேஜ் 4 வந்தபோது அந்தக் காரை அங்கே விற்பதை நிறுத்திக்கொண்டார்கள். மதுரையில் அதன்பிறகும் புதிதாகக் கிடைத்தது. 2014 ஜனவரியில் தயாரிப்பே நின்றது. ஆகவே 2011-ல் புதிதாகப் பதிவான எண்ணூறு என்றால் டிஎன் 58, 59, 64 என்று நம் பக்கத்து நம்பராக இருக்கும். சென்னை நம்பர் இருந்தால் மெக்கானிக் புருவத்தைத் தூக்குவார்.

ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு ஃபெண்டர் மேல் வைத்தார். டவுனில் ஒரு ஸ்பேர்ஸ் கடை.

"அண்ணே, எண்ணூறுக்கு பேக்கிங் செட்."

"எந்த டைப்பு? ஒண்ணா, ரெண்டா?"

கடைகளில் மாருதி வண்டிகளை இப்படித்தான் பிரிக்கிறார்கள்: டைப் 1, டைப் 2, டைப் 3. விளக்கு, பம்பர், கண்ணாடி மாதிரியான மேல் சாமானுக்கு அது போதும். சில கடையில் ஒரு டைப் என்பது இன்னொரு கடையில் அடுத்த டைப்பாக இருப்பதும் உண்டு.

"டைப்புக் கணக்கு வேணாம்ணே. நான் சொல்றத அப்படியே குறிச்சுக்கங்க. 2001 நவம்பர் தயாரிப்பு. எம்.பி.எஃப்.ஐ. பன்னெண்டு வால்வு. அஞ்சு கியர். சேஸிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் ரெண்டையும் வாட்ஸ்அப்ல போட்டுட்டேன்."

அந்தப் பக்கம் சற்று நேரம் சத்தமில்லை. பெட்டிகள் நகர்த்துகிற ஓசை. பிறகு: "ஆல்ட்டோ செட்டு கைல இருக்கு. அதுவும் பன்னெண்டு வால்வுதான். போட்டுரலாமே?"

"போடலாமாங்கறது வேறண்ணே. கம்பெனி புக்குல இந்த வண்டிக்கு எந்த நம்பர் போட்டிருக்கோ, அந்த நம்பர்ல இருக்கான்னு பாருங்க. ரெண்டுக்கும் ஒரே நம்பர்னா சந்தோசமா வாங்கிக்கிறேன்."

சாமான் நம்பர் என்பதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. சுசுகி முறையில் முதல் ஐந்து இலக்கம் அது என்ன சாமான் என்று சொல்லும். 16510 என்றால் ஆயில் ஃபில்டர், 13780 என்றால் ஏர் ஃபில்டர். ஸ்கூட்டர், கார், ஜீப் எதுவானாலும் அதே ஐந்து. அடுத்து இந்தியச் சாமானில் எம் என்ற எழுத்து. அதற்குப் பின்னால் வருவதுதான் எந்த வண்டிக்கு, எந்த மாற்றத்துக்குப் பிறகு என்று சொல்வது. அவசரத்தில் முதல் ஐந்தைப் பார்த்துவிட்டு "அதேதான்" என்று சொல்லிவிடுவது சுலபம். வாலைப் படிக்கிறவர்தான் தேர்ந்த கடைக்காரர். மதுரை அப்படிப்பட்டவர்களை வளர்த்த ஊர். 1911-ல் டி.வி. சுந்தரம் அய்யங்கார் தொடங்கிய டி.வி.எஸ். நிறுவனத்தின் தலைமையகம் மேல வெளி வீதியில் இருந்தது. பஸ்ஸும் லாரியும் ஓட்ட ஆரம்பித்து, வண்டிகளையும் அவற்றின் உதிரிகளையும் விற்பதில் தெற்கு முழுக்க அவர்கள் கிளை பரப்பினார்கள். உதிரி நம்பரை மனப்பாடமாகச் சொல்கிற பெரியவர்கள் இந்த ஊரில் இன்றும் இருக்கிறார்கள்.

கடைக்காரர் திரும்ப அழைப்பதாகச் சொன்னார். அதற்குள் மெக்கானிக் பையனை பைக்கில் அனுப்பத் தயார் செய்தார். கழற்றிய பழைய டாப்பெட் கவர் பேக்கிங்கை வளையாமல் ஓர் அட்டையில் டேப் போட்டு ஒட்டினார். சார் வாங்கிய கவரும் பில்லும் தனிப் பையில். நம்பர்கள் எழுதிய காகிதம் சட்டைப் பையில். பழைய சாமானைக் கையோடு கொண்டுபோவதை வெட்கம் என்று நினைக்கிற மெக்கானிக்குகளைப் பார்த்திருக்கிறேன். நம்பரும் சாம்பிளும் இரண்டுமே சாட்சிதான். ஒன்று தடுமாறும்போது இன்னொன்று பிடித்து நிறுத்தும். நம்பர் ஃபோனில் தப்பாகக் கேட்கலாம். பழைய சாமானே முன்னால் யாரோ போட்ட தப்பான சாமானாக இருக்கலாம்.

"மொதல்ல மேல வச்சுப் பாரு. ஓட்ட எல்லாம் நேரா இருக்கா பாரு. அப்புறம் சீல எண்ணு. எண்ணிட்டுக் காசு குடு. எலெக்ட்ரிக்கல் எதுவும் வாங்கிராத, திருப்பி எடுக்க மாட்டாய்ங்க."

பையன் போனபின் ஒர்க்‌ஷாப் சற்று ஓய்ந்தது. வேப்பமரத்தடியில் ஓர் அம்பாசிடர் நின்றது. கல்யாண வீடுகளுக்கு வாடகைக்குப் போகிற வண்டியாம். டயர் இடுக்கில் காய்ந்த சாமந்தி இதழ்கள். சார் அதைச் சுற்றி வந்தார். அவர் சின்ன வயதில் பார்த்த வண்டி.

"இதுல இந்தக் கஷ்டம் இருக்காதுல்ல தம்பி? எல்லாம் ஒரே வண்டிதானே."

மெக்கானிக் சிரித்தார். அம்பாசிடர் 1950-களின் கடைசியில் தொடங்கி 2014 மே மாதம் வரை கல்கத்தாவுக்குப் பக்கத்து உத்தரபாராவில் உருவானது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்கிற இங்கிலாந்துக் காரின் உடம்பு. வெளிக்கோடு கடைசி வரை பெரிதாக மாறவில்லை. அதனால்தான் எல்லாம் ஒன்று என்று தோன்றுகிறது. 1962-ல் மார்க் 2, 1975-ல் மார்க் 3, 1979-ல் மார்க் 4, 1990-ல் நோவா. நீண்ட காலம் 1489 சி.சி. பெட்ரோல், பிறகு அதே அளவில் டீசல், 90-களில் ஜப்பானிய இசுசு எஞ்சினோடு 1800. எஞ்சினோடு கியர்பெட்டி மாறியது, ஸ்டியரிங் தண்டிலிருந்த கியர் தரைக்கு இறங்கியது, கிளட்ச் மாறியது. ஆலை செய்த மாற்றங்கள் இவை. ஊரில் செய்த மாற்றங்கள் தனி. பெட்ரோல் விலை ஏறிய காலத்தில் தமிழ்நாடு முழுக்க பெட்ரோல் அம்பாசிடரின் எஞ்சினை இறக்கிவிட்டு மெட்டடார் வேனின் டீசல் எஞ்சினை ஏற்றினார்கள். அந்த வேலையில் பெயர் வாங்கிய பட்டறைகள் அப்போது உண்டு. அப்படி ஏற்றினால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டி ஆர்.சி.யில் பதிய வேண்டும். பதிந்தவர்களும் உண்டு, விட்டவர்களும் உண்டு.

"இதோ இதுவே மூஞ்சி மார்க் ஃபோர். பானெட்டத் தொறந்தா மெட்டடார் எஞ்சின். கியர்பெட்டி எந்த வண்டில கழட்டுனதுன்னு இன்னும் புடிபடல. கிளட்ச் பிளேட் போட வந்த வண்டி. அம்பாசிடர் பிளேட்டுன்னு கேட்டு வாங்கிப் போட்டுற முடியுமா?"

கிளட்ச் தட்டு இரண்டு பக்கமும் கல்யாணம் முடிக்க வேண்டிய சாமான். வெளிவட்டம் எஞ்சின் பக்கத்து ஃபிளைவீலுக்கு ஒத்துப்போக வேண்டும். நடுவிலிருக்கிற பல் கியர்பெட்டித் தண்டின் பல்லோடு பொருந்த வேண்டும். எஞ்சின் ஒரு வீடு, கியர்பெட்டி இன்னொரு வீடு என்றான பிறகு இரண்டு பெயரில் எதைச் சொல்லிக் கேட்டாலும் பாதிதான் சரியாக வரும். இறக்கிப் பார்த்து, தட்டின் விட்டத்தை வெர்னியரில் அளந்து, பல்லை எண்ணி, தண்டின் கனத்தையும் அளந்து, அதன்பிறகுதான் கேட்க முடியும். வண்டிக்காரர் அவசரப்படுகிறாராம், முகூர்த்த நாள் வருகிறதென்று.

மதியம் பையன் திரும்பினான். ஹெல்மெட்டைக் கழற்றுமுன்பே "பன்னெண்டுண்ணே" என்றான். புதிய கவர், கம்பெனி நம்பரே கிடைத்திருந்தது. பழைய கவரைக் கடையில் மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டார்களாம், பின் அடித்தபடியே அழுக்குப்படாமல் இருந்ததால். மெக்கானிக் இதையும் நகத்தால்தான் திறந்தார். பழைய பேக்கிங்கைப் புதியதன் மேல் வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஓட்டைக்கு ஓட்டை வானம் தெரிந்தது. சீலை எண்ணினார், பையன் எண்ணியிருந்தும். சார் பையிலிருந்து பணம் எடுத்தார். மெக்கானிக் "ஹெட்டைக் கழட்டி லேத்துல குடுத்து நேராக்கிட்டு வந்து பாக்கலாம் சார், சூட்டுல வளஞ்சிருக்கும், அதப் பாக்காம இத மாட்டி பிரயோசனம் இல்ல" என்றார். அலுமினியத் தலை, சூடேறினால் வளையத்தான் செய்யும்.

இந்த மாதிரிப் பொறுமைக்குக் கூலி எந்தப் பில்லிலும் வருவதில்லை. காலையிலிருந்து மதியம் வரை அந்த மனிதர் திருகிய போல்ட் கொஞ்சம்தான். துடைத்தார், படித்தார், எண்ணினார், கேட்டார். சார் ஆர்.சி. புதுப்பிக்கக் கட்டணம் கட்டி, பசுமை வரியும் கட்டி இந்தக் காரை வைத்திருக்கிறார். காயலான் கடைக்குப் போட்டால் சுமை குறையும் என்று சொல்ல ஆள் நிறைய. அவர் வைத்திருக்கிறார். அவரைப் போன்றவர்களுக்கு நம் ஊரில் மிச்சமிருக்கிற துணை இந்த மெக்கானிக்கைப் போன்றவர்கள்தான். அந்தச் சேஸிஸ் நம்பரைச் சத்தமாக வாசித்த பையன் இந்தத் தொழிலில் நிலைக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

மெக்கானிக் மார்க்கர் பேனாவை எடுத்து, பானெட்டின் உள்பக்கத்தில் துடைத்த இடத்தில் எழுதினார்: "11/2001. 12 வால்வு. 5 கியர். லைட் 2006." சார் அதை ஃபோட்டோ எடுத்து மகனுக்கு அனுப்பினார். அந்த நேரத்தில் அம்பாசிடர்க்காரர் வந்து வாசலில் பைக்கை நிறுத்தினார்.

"அண்ணே, கிளட்ச் பிளேட்டு சொல்லிட்டீங்களா? கடைக்காரரு எந்த மார்க்குன்னு கேக்குறாரு."

"அவர இருக்கச் சொல்லுங்க. எஞ்சின இறக்கிப் பாத்துட்டுத்தான் சொல்லுவேன். இறக்குறதுக்கு ரெண்டு ஆளு வேணும், நீங்களும் சட்டையக் கழட்டி வச்சுட்டு வாங்க."